கானும் கானும்

(கோலாலம்பூரின் செந்தூலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விளக்கைக் கொஞ்சம் அணைத்துவிடுங்கள். திரையில் இருக்கும் படத்தை முதலில் பாருங்கள். பிறகு பேசுகிறேன்.

கறுத்த நிலம். நடுவில் இலையில்லாத ஒற்றை மரம். பின்னால் பால் வெள்ளையாய் வானம். மரத்தின் அடியிலிருந்து நூல் போல ஒரு புகை. சிலாங்கூரில், ராஜா மூசா வனக் காப்பகத்தின் ஓரத்தில், ஒரு வறண்ட மார்ச் மாதத்தில் நான் எடுத்த படம் இது. பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் தோட்டத்து மக்கள் சொல்லிப் பழகிய பெஸ்தாரி ஜெயா பக்கம். பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் பெரிதாக அச்சிட்டு வாங்கி வீட்டு வரவேற்பறையில் மாட்டினார். எனக்கும் அன்றைக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

இன்று இதை முதலில் காட்டுவதற்குக் காரணம், இந்தப் படம் நடந்ததைச் சொல்லவில்லை என்பதுதான். அந்த நிலத்துக்கு என்ன ஆயிற்று என்பதற்கான விடை, நான் நின்ற இடத்திலிருந்து இருபதடி இடப்பக்கம் இருந்தது. படத்தின் அழகு கெடுகிறது என்று அதைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டேன். என்னத்தைத் தள்ளினேன் என்று எனக்கே புரிய ஒரு பெரியவர் வேண்டியிருந்தது. அவரிடம் பிறகு வருகிறேன்.

செந்தூல்காரர்களுக்கு நெருப்பு புதிதில்லை. இங்கே இருந்த ரயில்வே பட்டறையில்தான் என் தாத்தாவும் அப்பாவும் வேலை பார்த்தார்கள். போர்க்காலத்தில், 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், பி-29 விமானங்கள் அந்தப் பட்டறை மேல் குண்டு வீசின. பாட்டி அந்தக் கதையைச் சொல்லும்போது விமானத்தைப் பற்றி அதிகம் சொன்னதில்லை. மறுநாள் காலையைப் பற்றித்தான் சொல்வார். "எல்லாம் சாம்பலும் தகரமுமாக் கெடந்துச்சு. எங்க நின்னு பாத்தா நம்ம லயம் இருந்த இடம்னு கண்டுபிடிக்கவே முடியல" என்பார். அந்தக் காலையின் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. எரிந்த இடத்தில் எங்கே நிற்பது என்ற கேள்வி எனக்குப் பாட்டியிடமிருந்து வந்தது.

புகையும் நமக்குப் புதிதில்லை. 1997 செப்டம்பரில் நான் ஃபிலிம் கேமராவைத் தூக்கிக்கொண்டு இந்த வட்டாரத்தில் அலைந்தேன். இரட்டைக் கோபுரம் இருந்த திசையில் ஒன்றுமே இல்லை, மங்கிய மஞ்சள் மட்டும்தான். சரவாக்கில் அந்த மாதமே நெருக்கடி நிலை அறிவித்தார்கள். 2005 ஆகஸ்டு 11ஆம் தேதி கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, அங்கும் நெருக்கடி நிலை. 2013 ஜூனில் மூவாரில் 746. இந்த எண்களை நம் தொண்டை அறியும், இழுப்பு உள்ள பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள் நன்றாகவே அறிவார்கள். ஆனால் அந்தப் புகை எழுந்த நிலத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? புகைமூட்டம் என்றால் சுமத்ரா என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பெரும் பங்கு அங்கிருந்து வருவது உண்மைதான். ஆனால் கிள்ளான் நகருக்குத் தெற்கே ஜொகான் செத்தியாவில் தரை எரிகிறது. கோல லங்காட்டில் எரிகிறது. ராஜா மூசாவில் எரிந்திருக்கிறது. இங்கிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம், அவ்வளவு பக்கம்.

தரை எரிகிறது என்றுதான் சொன்னேன். மரம் எரிவதை எல்லாரும் பார்த்திருப்போம். தரையே எரிவது எப்படி?

மலாய்க்காரர்கள் தானா காம்புட் என்று சொல்லும் மண் அது. மண் என்று பெயரே தவிர, அதில் மண் குறைவு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் விழுந்த இலையும் கிளையும் வேரும், காற்றுப் படாததால் மக்கி முடியாமல் அப்படியே அடுக்கடுக்காகத் தங்கியிருக்கும். ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் சேரும். ஓர் ஆள் உயரத்துக்குச் சேர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இயற்கையாக இருக்கும்போது அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வாய்க்காலில் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தே-ஓ நிறத்தில், அதாவது பால் விடாத தேநீர் நிறத்தில் இருக்கும். வட சிலாங்கூரில் மட்டும் இப்படிப்பட்ட சதுப்புக் காடு ஏறக்குறைய 80,000 ஹெக்டர். சிங்கப்பூரைவிடப் பெரிது. ராஜா மூசா அதில் ஒரு பகுதி.

தண்ணீர் இருக்கும்வரை அந்த நிலத்தில் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாலும் அணைந்துவிடும். தண்ணீரை வடித்துவிட்டால் அது விறகு. நன்றாகக் காய்ந்துவிட்டால் இன்னொரு கொடுமை, பிறகு மழை பெய்தாலும் பழையபடி நீரை உறிஞ்சாது. நீர் அதன் மேல் உருண்டு ஓடிவிடும். அப்போது பிடிக்கும் நெருப்பு மேலே சுடர் விட்டு எரியாது. உள்ளே இறங்கிப் பக்கவாட்டில் நகரும். வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் கிடக்கும். பொம்பாக்காரர்கள், அதாவது தீயணைப்புப் படையினர், மேலே தண்ணீரைப் பீய்ச்சி விட்டுப் போக முடியாது. ஆழ்குழாய் போட்டு, வாய்க்காலை அடைத்து, நிலத்தையே மூழ்கடிக்க வேண்டும். நம் மொழியில் இதற்குச் சொல் முன்னமே இருக்கிறது. நீறு பூத்த நெருப்பு. மனத்துக்குள் அடங்கிய கோபத்துக்கு அந்தச் சொல்லை எவ்வளவோ முறை சொல்லியிருக்கிறேன். அங்கே போன பிறகுதான் அது ஒரு நிலத்தின் பெயராகவும் இருக்க முடியும் என்று தெரிந்தது.

இப்போது அந்தப் பெரியவர். காப்பகத்து ஓரத்தில் கொஞ்சம் வாழையும் மரவள்ளியும் போட்டிருந்தார். தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கேமராவோடு மேட்டிலிருந்து இறங்கக் காலைத் தூக்கியதும் சத்தம் போட்டார்.

"தம்பி, அங்க கால வைக்காதப்பா. மேல ஆறுன மாதிரி இருக்கும். உள்ள வெந்துக்கிட்டுக் கெடக்கும்."

கையிலிருந்த கம்பை அந்த இடத்தில் குத்தினார். பாதிக் கம்பு சர்ரென்று இறங்கியது. வெளியே இழுத்தபோது நுனி புகைந்துகொண்டிருந்தது.

"ஐயா, இது எப்ப பத்துனது?" என்று கேட்டேன்.

"பத்துனது மூணு வாரம் ஆச்சு. ஆனா இது செத்தது கான் வெட்டுனப்பவேப்பா. நெருப்பு வந்தது அப்புறந்தான்." கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நானும் வெட்டியிருக்கேன். சின்ன வயசுல. இங்க இல்ல, அந்தப் பக்கம்" என்று கடற்கரைத் திசையில் கையைக் காட்டினார்.

கான் என்று அவர் சொன்னது தோட்டத்துத் தமிழ். நிலத்து நீரை வடிக்க வெட்டும் வாய்க்கால். மலாயில் பாரிட். கரையோரத் தோட்டங்களில் தென்னைக்கும் ரப்பருக்கும் பிறகு செம்பனைக்குமாக அந்தக் கான்களை வெட்டிய கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. ஆனால் ஏட்டுத் தமிழில் கான் என்றால் காடு. கானகம், கானாறு, கானக்கோழி எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். ஒரே ஒலி. ஒன்று காடு, இன்னொன்று அந்தக் காட்டின் நீரை வெளியே கொண்டுபோகும் வழி. அன்று இரவு படங்களைத் திரையில் போட்டுப் பார்த்தபோது என் வயிற்றைப் பிசைந்தது. 200க்கும் மேற்பட்ட படங்கள். ஒன்றில்கூடக் கான் இல்லை. இருபதடி இடப்பக்கத்தில் நேர்கோடாக வெட்டிய, அடியில் வறண்டு வெடித்த கான். எல்லாப் படத்திலும் அதை நான்தான் ஒதுக்கியிருந்தேன்.

எரிந்த நிலத்துக்குக் கேமராவோடு போகிறவரின் கண் நெருப்பின் தடயத்தையே தேடும். நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது, முதலில் நீரின் தடயத்தைத் தேடுங்கள். அது எங்கே இருந்தது, எந்த வழியாகப் போனது, இப்போது எவ்வளவு கீழே நிற்கிறது. எஞ்சியதெல்லாம் அதற்குப் பிறகு.

கேமரா பிடிக்கும் இளைஞர்கள் இங்கே பலர் இருப்பதால் தொழில் விவரமும் கொஞ்சம் சொல்கிறேன். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக ஆக்கப் பார்க்கும். கரிந்த நிலத்தைக் காட்டினால், ஐயோ இருட்டு என்று ஒளியைக் கூட்டிவிடும். கறுப்பு வெளுத்து அழுக்கு நிறமாகிவிடும். ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள். கறுப்பு கறுப்பாகவே வரட்டும். ஏனென்றால் அந்தக் கறுப்பில் வேறுபாடு இருக்கிறது. கரி கறுப்பாக இருந்தால் அங்கே நெருப்பு அரைகுறையாக எரித்துவிட்டுப் போயிருக்கிறது. வெள்ளைச் சாம்பல் படிந்த குழி தெரிந்தால் அங்கே எரிய வேண்டியதெல்லாம் எரிந்து முடிந்தது. நிறத்தைத் தானியங்கிக்கு விடாதீர்கள். புகைநாளின் மஞ்சளைப் பிழை என்று எண்ணி அது நீக்கிவிடும். பகல் ஒளிக்கு என்று நிலையாக வையுங்கள். அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். மாவு போன்ற சாம்பல் உள்ளே புகுந்தால் சென்சார் வீண். முகக்கவசம் கட்டாயம். மேட்டு வரப்பை விட்டு இறங்கவே இறங்காதீர்கள். வேர் எரிந்த மரங்கள் காற்றே இல்லாமல் சாயும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மரத்தடியில் முக்காலியை விரிக்க மாட்டார்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஆழத்தைக் காட்டுவது. மேலிருந்து பார்த்தால் எரிந்த காம்புட் வெறும் தட்டையான கறுப்பு. உண்மையில் அங்கே நிலமே குறைந்துவிட்டது. எப்படிக் காட்டுவது? மரங்களின் வேரைப் பாருங்கள். மண்ணுக்குள் இருந்திருக்க வேண்டிய வேர்கள், பொய்க்கால் போல வெளியே நிற்கும். மரம் அசையவில்லை, தரைதான் கீழே போய்விட்டது. அதன் பக்கத்தில் ஓர் அளவுகோலையோ ஓர் ஆளையோ நிறுத்தி, தரை மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். எரியாவிட்டாலும்கூட, கான் வெட்டி நீரை வடித்த காம்புட் இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் ஐந்தாண்டுகளில் ஒரு மீட்டருக்கும் மேல், அதன் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் என்று சுமத்ராவில் அளந்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டில் சேர்ந்தது ஒரு தலைமுறைக்குள் போகிறது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஹோம் ஃபென் என்று ஒரு சதுப்பு. அங்கே நீரை வடிக்கத் தொடங்கிய 1850களின் தொடக்கத்தில் ஓர் இரும்புத் தூணை அடிக் களிமண் வரை இறக்கி, தலையைத் தரை மட்டத்தோடு சமமாக வைத்தார்கள். இன்று அந்தத் தூண் தரைக்கு மேல் ஏறக்குறைய 4 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. யாரும் அதைப் பிடுங்கவில்லை. அந்தத் தூணின் படத்தைப் பார்த்த அன்றுதான் பாட்டியின் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. எங்கே நிற்பது என்றால், முதலில் நகராத ஒன்றை நட வேண்டும்.

நானும் ஒரு குழாயை நட்டேன். அந்தப் பெரியவரும் அவர் பேரனும் உதவினார்கள். காம்புட்டைத் தாண்டி அடிக் களிமண்ணில் முட்டும்வரை இறக்கினோம். கானின் கரையில், முன்பு நான் தவிர்த்த அதே இடத்தில். அதில் கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அதே உயரம், அதே லென்ஸ், அதே திசை. சாதாரண வேலை. பொறுமை மட்டும் வேண்டும்.

இதோ அடுத்த படம். நெருப்பு அணைந்து ஆறு வாரம். பச்சை. பார்த்தவுடன் மனம் நிம்மதி அடைகிறது, இல்லையா? பத்திரிகைகளும் இதைத்தான் விரும்பும். சாம்பலிலிருந்து துளிர் என்று தலைப்பும் தயாராக இருக்கும். இந்தத் துளிர்ப் படம் எங்கிருந்து வந்த வழக்கம் என்று யோசித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் 1988இல் யெல்லோஸ்டோன் பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீ பரவியது. அங்குள்ள லாட்ஜ்போல் பைன் மரத்தின் காய்களில் பல பிசினால் மூடிக்கிடப்பவை, சூடு பட்டால்தான் திறந்து விதை கொட்டும். ஆஸ்திரேலியாவில் 2019-20 கோடையில் எரிந்த யூகலிப்டஸ் மரங்கள், கரிந்த அடிமரத்திலிருந்தே தளிர் விட்டன. நெருப்போடு வாழ்ந்து பழகிய காடுகள் அவை. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையையும் எண்ணிப் பாருங்கள். 2018 மார்ச் 11 அன்று, மலையேறப் போன 20க்கும் மேற்பட்டோரைக் காவுகொண்ட தீ அது. அந்தத் துயரம் ஆறாது. ஆனால் மலைச்சரிவின் புல் மழைக்குப் பின் வேரிலிருந்து வந்துவிடும். நம் முன்னோர் குறிஞ்சி நிலத்தில் புனத்தைச் சுட்டுத் தினை விதைத்ததும் அந்த நம்பிக்கையில்தான்.

சதுப்புக் காடு அந்தக் குடும்பமில்லை. மெரந்தி, ரமின், கெம்பாஸ் எல்லாம் தண்ணீரில் நின்று வளர்ந்த மரங்கள். நெருப்புக்கென்று எந்தத் தற்காப்பும் அவற்றுக்குக் கிடையாது. வேரும் விதையும் இருந்த மண்ணே எரிந்துபோகிறது. ஆறு வாரத்தில் வந்த அந்தப் பச்சை, லாலாங் புல்லும் பெரணியும். அடுத்த வறட்சியில் முதலில் காய்ந்து முதலில் பற்றப்போவது அதுதான். அதை மறுபிறப்பு என்று சொல்லிக் காட்டினால் நான் பொய் சொன்னவன் ஆவேன். வேறு நாட்டுக் காட்டின் ஆறுதலை இங்கே கொண்டுவந்து ஒட்டக்கூடாது. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். பத்திரிகை நண்பர்களோடு சண்டையும் போட்டிருக்கிறேன்.

ஆட்களைப் படமெடுப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எரிந்த நிலத்தில் எளிதில் அகப்படுகிறவர் சிறு விவசாயி. கையில் மண்வெட்டி, பின்னால் புகை. படத்தைப் பார்த்தவர் தீர்ப்பு எழுதிவிடுவார். குப்பையைக் கொளுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கான் வெட்ட உத்தரவு கொடுத்தவர் எந்தப் படத்திலும் அகப்படுவதில்லை. அதனால் யார் பற்றவைத்தார் என்று எனக்குத் தெரியாத இடத்தில், ஒரு முகத்தையும் புகையையும் ஒரே சட்டகத்தில் வைப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். பொம்பாக்காரர்களை எடுக்கிறேன். குழாயைத் தோளில் சுமந்து முழங்கால் அளவு கறுப்புச் சேற்றில் நிற்பவர்கள். அவர்கள் முகம் தெரிய வேண்டும்.

ராஜா மூசாவில் 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்விரான்மென்ட் சென்டர் என்ற தொண்டு நிறுவனமும் ஊர் மக்களோடு சேர்ந்து செய்துவருவது என்ன தெரியுமா? கான்களை அடைப்பது. வெட்டிய வழியை மரத்தாலும் மண் மூட்டையாலும் தடுத்து, நீரைத் திரும்ப நிலத்துக்கே ஏற்றுவது. நீர் ஏறிய இடத்தில் மகாங் போன்ற மரக்கன்றுகளை நடுவது. அதற்கு மாணவர்களும் போகிறார்கள். மகாங் பெரிய மரமில்லை, ஆனால் வெயிலைத் தாங்கி முதலில் நிற்கும். அதன் நிழலில் லாலாங் ஒடுங்கும். நிழல் கிடைத்த பிறகு மற்ற மரங்கள் வரலாம். காடு ஆவதற்கு என் ஆயுள் போதாது.

நான் எடுத்ததிலேயே மிகவும் சாதாரணமான படத்தை இப்போது காட்டுகிறேன். ஓர் அடைப்பு. நாலைந்து மரக்கட்டை, மண் மூட்டைகள், ஒரு பக்கம் தே-ஓ நிறத்தில் நிறைந்த தண்ணீர், மறுபக்கம் பாதிதான். ஓரத்தில் நாங்கள் நட்ட குழாய். இதை யாரும் வரவேற்பறையில் மாட்டமாட்டார்கள்.

இந்தப் படத்தையும், முதலில் காட்டிய ஒற்றை மரத்தின் படத்தையும் அச்சிட்டு அந்தப் பெரியவரிடம் கொண்டுபோனேன். மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அடைப்பின் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "தண்ணி தரைக்கு எவ்வளவு கீழ இருக்கு?" என்று கேட்டார். ஒரு சாண் என்றேன்.

"இது மழைக்கு அப்புறம் எடுத்தது. மார்ச்சுல போய்ப் பாருப்பா."

போனேன். இதுதான் அந்த மார்ச் மாதப் படம். அதே இடம், அதே லென்ஸ். குழாயில் தண்ணீர் நிற்கும் கோடு தரைக்கு ஒரு முழத்துக்கும் மேல் கீழே. கட்டைக்கு அடியில் ஓரிடத்தில் மண் கரைந்து ஓட்டை விழுந்திருக்கிறது, அம்பு போட்டுக் காட்டியிருக்கிறேன். அதை அடைக்க அடுத்த சனிக்கிழமை சிலர் போகிறோம். வர விரும்புகிறவர்கள் உரை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். நீளமான ரப்பர் பூட்ஸ் வேண்டும். கேமராவை எடுத்து வாருங்கள், ஆனால் முதல் இரண்டு மணி நேரம் மூட்டைதான் தூக்க வேண்டியிருக்கும்.